பூதவாதியின் மது

இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இந்த ஒன்பது அணுக்களை ஒரு விதமாகக் கோத்தால் எத்தனால் கிடைக்கும். கள்ளிலும் சாராயத்திலும் ஆளை மயக்கும் சரக்கு அதுதான். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். அதே ஒன்பதையும் வேறு விதமாகக் கோத்தால் டைமெத்தில் ஈதர். அது மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் நம்மூர் மார்கழிக் குளிரிலும் வாயுவாகத்தான் இருக்கும். தெளிப்பான் டப்பாக்களில் உள்ளிருக்கும் சரக்கை வெளியே உந்தித் தள்ள அதைப் பயன்படுத்துகிறார்கள். அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்று. கொதிநிலையில் மட்டும் நூறு டிகிரிக்கு மேல் இடைவெளி.

ஆக்சிஜன் நிற்கும் இடம்தான் இத்தனைக்கும் காரணம். ஈதரில் அது இரண்டு கார்பன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனாலில் ஓரமாக, ஒரு ஹைட்ரஜனைக் கையில் பிடித்தபடி நிற்கிறது. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் இயல்புடையது. அதனால் அந்த ஹைட்ரஜன் சற்றே நேர்மின் சாயல் பெற்று, பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடு ஒட்டப் பார்க்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்தால்தான் எத்தனால் ஆவியாகும், அதற்குத்தான் கூடுதல் வெப்பம். தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பதும் இதே பிணைப்பின் வலுவில்தான். தண்ணீரின் மூலக்கூறு 104.5 டிகிரிக் கோணத்தில் வளைந்திருக்கிறது. கரியமில வாயுவின் மூலக்கூறோ நேர்கோடு. இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அதற்கு மின்முனையே இல்லை. உறைந்த நிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடுகிறது.

அப்படியானால் 78 டிகிரி என்ற குணம் எங்கே இருந்தது? கார்பனில் இல்லை, ஹைட்ரஜனில் இல்லை, ஆக்சிஜனிலும் இல்லை. சேர்ந்ததும் வந்து நிற்கிறது. உறுப்புகளில் இல்லாத ஒன்று முழுமையில் எப்படி வரும் என்பது வேதியியல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே சமயவாதிகள் தொண்டை வறள வாதாடிய கேள்வி. அவர்கள் கவலைப்பட்டது கொதிநிலையைப் பற்றியல்ல, உயிரைப் பற்றி.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 27ஆம் காதையிலும் இந்த வாதம் வருகிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை பெருந்தவசி வடிவெடுத்துச் சென்று ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வரிசையின் கடைசியில் நிற்பவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் சேர்த்தால் மதுவின் களிப்பு பிறக்கிறதல்லவா, அப்படித்தான் நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் பிரிந்தால் உணர்வும் பறையின் ஓசை அடங்குவதுபோல அழிந்துவிடும். ஆன்மா என்று தனியாக ஒன்று தேவையில்லை என்பது அவன் கட்சி.

உவமை வெறும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. தாதகிப் பூவை ஆயுர்வேத மருந்து செய்கிறவர்கள் இன்றும் அரிஷ்டங்களைப் புளிக்கவைக்கச் சேர்க்கிறார்கள். பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் வெல்லத்தின் சர்க்கரையை உடைத்து எத்தனாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் 24 அணுக்கள். அவற்றில் 18 இரண்டு எத்தனால் மூலக்கூறுகளாகின்றன, மீதி 6 இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளாகின்றன. ஓர் அணு கூட வெளியிலிருந்து வரவில்லை, ஒன்றும் தொலையவும் இல்லை. பூதவாதிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் சபையில் இன்னும் உரக்கப் பேசியிருப்பான்.

அதே காதையில் வரும் ஆசீவகனும் கேட்கத் தகுந்தவன். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்கள்; ஓர் அணு இன்னோர் அணுவாக மாறாது, இரண்டாகப் பிளவுபடாது; செறிந்து கூடினால் வயிரம், துளைபட்டுக் கூடினால் மூங்கில் என்று அவன் சொல்லிப்போகிறான். தனி அணுவைச் சாதாரணக் கண் காணாது என்பதற்கு, மாலை இருளில் ஒற்றை மயிர் தெரியாது, திரண்ட கூந்தல்தான் தெரியும் என்று உவமை காட்டுகிறான். வயிரம் பற்றி அவன் சொன்னது பெருமளவு சரி. 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் வைரத்தை எரித்து அது கார்பனே என்று காட்டினார். பென்சிலில் எழுதும் கிராஃபைட்டும் கார்பன்தான். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு திசையிலும் நான்கு கார்பன்களைப் பற்றியிருக்கிறது. கிராஃபைட்டில் மூன்றை மட்டும் பற்றித் தட்டையான அடுக்குகளாகிறது, அடுக்குகள் வழுக்குவதால் தாளில் எழுதுகிறது. ஆனால் ஆசீவகன் உயிரையும் ஓர் அணுவாக்கிப் பட்டியலில் சேர்த்துவிட்டான். அங்கேதான் பூதவாதி அவனைவிடத் துணிச்சல்காரன்.

பூதவாதிக்கு எதிர்க்கட்சி வலுவானது. சாங்கியர்களும் பின்னாளில் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதிகள்: காரியம் காரணத்தில் ஏற்கனவே இருக்க வேண்டும். எள்ளிலிருந்து எண்ணெய் வரும், மணலை எவ்வளவு ஆட்டினாலும் வராது. வைசேடிகர்களோ முழுமை என்பது உறுப்புகளில் இல்லாத புதுப் பொருள், நூலில் ஆடை முன்பே ஒளிந்திருக்கவில்லை என்றார்கள். வேதியியல் இவர்களில் யாருக்கும் முழு வெற்றி தரவில்லை. அணுக்களைப் பொறுத்தவரை சாங்கியன் சொன்னது சரி. அமைப்பைப் பொறுத்தவரை வைசேடிகன் சொன்னதே சரி.

பொருள்முதல்வாதிகளை மடக்க ஆன்மவாதிகள் வழக்கமாக நீட்டும் ஆயுதம் ஒன்று உண்டு: செத்த உடம்பிலும் அதே பூதங்கள் இருக்கின்றனவே, உணர்வு எங்கே? பார்வைக்கு மடக்கும் கேள்வி. ஆனால் ஈதர் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. எத்தனாலின் அணுக்கள் ஒன்று குறையாமல் அதில் இருக்கின்றன, ஆனாலும் அது எத்தனால் இல்லை. கூட்டணி மாறினால் குணம் மாறும். போன குணத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வெளியேறியிருக்க வேண்டியதில்லை. பிணத்தைக் காட்டி ஆன்மாவை நிறுவ முடியாது.

இத்தோடு பூதவாதி வென்றான் என்று எழுதி முடித்துவிடலாம்தான். முடிக்கவிடாமல் குறுக்கே நிற்பவர் கேம்பிரிட்ஜின் மெய்யியலாளர் சி. டி. பிராட். 1925இல் வெளியான தன் நூலில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். வெள்ளியையும் குளோரினையும் தனித்தனியே எவ்வளவு துருவி ஆராய்ந்தாலும் வெள்ளிக் குளோரைடின் நடத்தையைக் கணித்துச் சொல்ல முடியாது, சேர்த்துப் பார்த்தே அறிய வேண்டும் என்பது ஒன்று. இரண்டாவதற்கு ஒரு தேவதூதரைத் துணைக்கழைத்தார். எல்லாக் கணிதமும் அறிந்த அந்தத் தேவதூதர் அம்மோனியாவின் அமைப்பை உட்கார்ந்த இடத்திலேயே கணித்துவிடலாம். ஆனால் அது மனித மூக்கில் ஏறினால் எப்படி நாறும் என்பதை அவராலும் கணிக்க முடியாது என்றார்.

முதல் வாதம் இரண்டே ஆண்டு தாங்கியது. 1927இல் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் பிணைகின்றன என்பதைக் குவாண்டம் இயக்கவியலால் கணக்கிட்டுக் காட்டினார்கள். விடை துல்லியமாக இல்லை; ஆனால் பிணைப்பு இனிப் புதிர் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதன்பின் மேற்கத்திய மெய்யியலில் பிராடின் கட்சி பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை.

கதை அங்கும் முடியவில்லை. ஒன்பது அணுக்கருக்கள், 26 எலெக்ட்ரான்கள் என்று மட்டும் கொடுத்துக் குவாண்டம் சமன்பாட்டை எழுதினால் எத்தனாலுக்கும் ஈதருக்கும் ஒரே சமன்பாடுதான் வரும். இதில் எது வேண்டும் என்று வேதியியலாளர் முதலில் தீர்மானித்து, அணுக்கருக்களை அந்த வடிவத்தில் நிறுத்திவைத்த பிறகே கணக்கைத் தொடங்குகிறார். இந்த முறையை வகுத்தவர்கள் மாக்ஸ் போர்னும், பின்னாளில் அணுகுண்டுக்காகப் பெயர் கெட்ட ஓப்பன்ஹைமரும்; அதுவும் 1927இல்தான். முறை அருமையாக வேலை செய்கிறது. ஆனால் வடிவம் கணக்கிலிருந்து வந்ததா, கணக்குக்குள் நாம் வைத்ததா என்று கேட்டால் பதில் அத்தனை சுலபமில்லை. பிராட் எடுத்துக்கொண்ட அம்மோனியாவையே பாருங்கள். பாடநூலில் அது முக்கோணப் பிரமிடு. உண்மையில் நைட்ரஜன் விநாடிக்குச் சுமார் 2,400 கோடி முறை மேலும் கீழுமாகப் புரள்கிறது. நிலைத்த ஆற்றல் நிலையில் மேல் எது கீழ் எது என்பதே இல்லை. இந்த அம்மோனியாவை வைத்துத்தான் இயற்பியலாளர் பி. டபிள்யூ. ஆண்டர்சன் 1972இல் தன் புகழ்பெற்ற கட்டுரையில், சிறிய மூலக்கூறு புரளும், சர்க்கரை போன்ற பெரியது புரளாமல் ஒரே கைப்பக்கமாக நிற்கும், அளவு கூடும்போது புது விதிகள் தலையெடுக்கின்றன என்று வாதிட்டார்.

இந்த இடைவெளியைக் கண்டதும் கடவுளைக் கொண்டுவந்து உட்காரவைக்கச் சிலருக்குக் கை பரபரக்கும். அவர்கள் சார்லஸ் கூல்சனைப் படிக்க வேண்டும். வேதிப்பிணைப்பைக் கணிதத்தால் விளக்கிய முன்னோடிகளில் ஒருவர், மெதடிஸ்ட் திருச்சபையில் பிரசங்கம் செய்தவர். பிணைப்பு என்பது யாரும் கண்ட பொருளல்ல, நம் கற்பனையின் ஆக்கம் என்று தயங்காமல் சொன்னவரும் அவரே. 1955இல் வெளிவந்த நூலில், அறிவியல் விளக்காத ஓட்டைகளில் கடவுளை ஒளித்துவைப்பதை அவர் கடுமையாக மறுத்தார்: கடவுள் இருந்தால் இயற்கை முழுவதிலும் இருக்கட்டும், விளங்காத மூலைகளில் மட்டும் வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. பக்தர் ஒருவரே சொன்னதால் இதற்குக் கூடுதல் மதிப்பு.

பிராடின் இரண்டாவது வாதத்துக்குத்தான் எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதன் வெளிச்சத்தில் பார்த்தால் பூதவாதியின் உவமையில் ஒரு கோளாறு தெரிகிறது. களிப்பு மதுவில் இல்லை. குடத்திலிருக்கும் மது ஒருபோதும் தள்ளாடுவதில்லை, தள்ளாடுகிறவன் குடித்தவன். எத்தனாலின் கொதிநிலை, அடர்த்தி, தண்ணீரில் கலக்கும் குணம் எல்லாம் அதன் அமைப்பிலிருந்து வருகின்றன, குடிப்பவன் யாரும் வேண்டியதில்லை. களிப்புக்கோ ஏற்கனவே உணர்வுள்ள ஒருவன் வேண்டும். உணர்வு எப்படிப் பிறந்தது என்று விளக்கவந்த உவமை, உணர்வை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொள்கிறது.

பூதவாதிக்கே இது உறுத்தியிருக்கலாம். உவமையைச் சொன்ன கையோடு, உணர்வுடைய பூதங்கள் வேறு, உணர்வில்லாப் பூதங்கள் வேறு, அந்தந்த வழியில் அவை அவை பிறக்கும் என்றும் சொல்கிறான். அதாவது களிப்பைச் சரக்கிலேயே ஒரு சிட்டிகை போட்டுவிடுகிறான். ஆசீவகன் வெளிப்படையாகச் செய்ததை இவன் சத்தமில்லாமல் செய்கிறான்.

அவன் கட்சியை இன்று எடுத்துப் பேச விரும்புகிறவர்கள் மதுக்களிப்பை விட்டுவிட்டு 78 டிகிரிக் கொதிநிலையை உவமையாக வைத்துக்கொள்வது நல்லது. புதுக் குணம் தோன்றப் புதுச் சரக்கு தேவையில்லை என்பதை அது ஐயமின்றி நிறுவும். உணர்வும் அப்படிப்பட்ட குணங்களில் ஒன்றுதான் என்பதை அது நிறுவாது. வேதியியல் பாடநூல் எதிலும் அதற்கான கணக்கு இதுவரை இல்லை.