அந்நிய நாணயக் கணக்கும் வட்டியும்

 

பெரியாறு மின்நிலையத்தின் பெருங்குழாய்கள் மலையிலிருந்து இறங்கும் லோயர் கேம்ப் முதல் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வரை, பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இல்லங்கள் பல. வெளிநாட்டில் இருப்பவர் டாலரில் பாங்குக் கணக்கு வைத்துக்கொள்ளலாமா, அதில் வருவது வட்டியா லாபமா என்ற ஐயம் இத்தகைய இல்லங்களில் எழுகிறது. கணக்கு வைப்பது வேறு. அதில் கூடுதலாகப் பெறுவது வேறு. சம்பாதித்த பொருளைப் பத்திரப்படுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. தடுத்திருப்பது வட்டியை. அதுவும் எப்படித் தடுத்திருக்கிறது? விடாதவர்கள் அல்லாஹ்வுடனும் அவன் தூதருடனும் போருக்குத் தயாராகட்டும் என்னும் பொருள்பட, அல்பகரா அத்தியாயத்தின் 279ஆம் வசனத்தில் எச்சரித்திருக்கிறான்.

நம் நாட்டில் வெளிநாடு வாழ்வோருக்கென்று 1970இல் என்.ஆர்.ஈ. என்னும் ரூபாய்க் கணக்கும், 1975இல் எஃப்.சி.என்.ஆர். என்னும் அந்நிய நாணயக் கணக்கும் ஏற்பட்டன. முன்னதில் அனுப்பும் ரியாலும் திர்ஹமும் ரூபாயாக மாறிவிடும். பின்னதில் டாலர், பவுன் போன்ற நாணயமாகவே இருக்கும். 1975ஆம் ஆண்டுத் திட்டத்தில் ரூபாயின் மதிப்பு விழுந்தால் அந்த நஷ்டத்தை ரிசர்வ் பாங்கே சுமந்தது. சுமை தாங்காமல் 1993இல் வேறு திட்டம் கொண்டுவந்து, 1994இல் பழையதை நிறுத்தினார்கள்.

இன்றுள்ள எஃப்.சி.என்.ஆர். கணக்கு, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான தவணை டெபாசிட் மட்டுமே. சேமிப்பாகவோ நடப்புக் கணக்காகவோ அதைத் திறக்க முடியாது. ஓராண்டு நிறையும் முன் எடுத்தால் வட்டி இல்லை; நிறைந்தால் உண்டு. காலத்தை விலை பேசுவதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டுமா? ஆகவே நாணயம் டாலர் என்பதால் சட்டம் மாறாது. இதைத் தவிர்ப்பதே ஈமானுக்குப் பாதுகாப்பு. என்.ஆர்.ஈ.யில் வட்டியில்லாத நடப்புக் கணக்கு உண்டு. வேலை செய்யும் நாட்டிலேயே நடப்புக் கணக்கில் வைத்திருக்கலாம். ஊர் திரும்பியவர் ஆர்.எஃப்.சி. என்னும் அந்நிய நாணயக் கணக்கையும் நடப்புக் கணக்காக வைக்கலாம்.

இந்த வட்டிக்கு வருமான வரி இல்லை, அரசாங்கமே அனுமதித்தது என்பார் சிலர். வரி விலக்கு வேறு, ஹலால் வேறு. இன்னும் சிலர், நாம் கடனா கொடுத்தோம், பாங்கில் அமானத்தாகத்தானே வைத்தோம் என்பார்கள். இதற்கு விடை ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றில் இருக்கிறது. மக்கள் அவர்களிடம் பொருளை அமானத்தாக வைக்க வருவார்கள். அவர்களோ, தொலைந்துபோகுமோ என்றஞ்சி, அமானத்தாக அல்ல, கடனாகவே ஏற்பேன் என்பார்களாம். அமானத் தொலைந்தால், கவனக்குறைவு இல்லாதவரை வைத்திருப்பவர் பொறுப்பல்ல. கடன் எந்நிலையிலும் திருப்பவேண்டியது. பாங்கு நம் பணத்தைச் செலவிட்டு, என்ன ஆனாலும் முதலைத் தருவதாக ஏற்கிறது. அது கடன். கடனுக்கு மேல் பேசி வாங்குவது வட்டி.

அப்படியானால் நிலத்துக்கு வாடகை வாங்குவது மட்டும் எப்படிக் கூடும்? நம் பகுதியிலேயே உதாரணம் உண்டு. பெரியாறு நீர்த்தேக்கத்துக்கான 8,000 ஏக்கரைத் திருவிதாங்கூர் 1886இல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. 1970இல் அது 30 ரூபாயாயிற்று. லோயர் கேம்பில் எடுக்கும் மின்சாரத்துக்கும் தனிக் கட்டணம் வைத்தார்கள். நிலம் நிலமாகவே இருக்கிறது, அது உரியவருடையது, அதன் பயனுக்குக் கூலி வாங்குகிறார். பணம் அப்படியல்ல. கைமாறியதும் அது வாங்கியவருடையதாகி, நமக்குக் கடனாக மட்டும் நிற்கிறது.

நாணய மாற்றில் கிடைக்கும் ஏற்றம் வட்டியா என்றால், அன்று. 1975இல் 8 ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்ற டாலர் 2024இல் 80 ரூபாயைத் தாண்டி நின்றது. டாலராகவே வைத்திருந்து பின்னால் மாற்றியவருக்கு அது ஹலால். இனங்கள் வேறானால் விரும்பியபடி விற்கலாம், ஆனால் கைக்குக் கை இருக்கவேண்டும் என்ற கருத்தை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவித்த நபிமொழி தருகிறது.

அந்தக் கைக்குக் கை என்ற நிபந்தனையில்தான் நம்மவர் சறுக்குகிறார்கள். துபாயில் ஒரு அறையில் தங்கியிருக்கும் இருவரில் ஒருவர் இன்று 1,000 திர்ஹம் வாங்கிக்கொள்கிறார். அடுத்த மாதம் அவருடைய வாப்பா கம்பத்தில் இன்ன விலைக்கு ரூபாயாகத் தருவார் என்று பேச்சு. விலை இன்றே முடிவாகிறது. ஒரு பக்கம் மட்டும் தவணை. பெரும்பாலான ஆலிம்கள் இதைக் கூடாது என்கிறார்கள். வழி இலகுவானது: திர்ஹத்தைக் கடனாகக் கொடுங்கள். திருப்பும் நாளில், அன்றைய விலைக்கு ரூபாயாக வாங்கிக்கொள்ளுங்கள். தீனாருக்கு ஒட்டகம் விற்று, அதற்குப் பதில் திர்ஹம் வாங்கிய இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு, அன்றைய விலைப்படி, பாக்கியின்றிப் பிரிவதானால் குற்றமில்லை என்றே நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள்.

சேமிப்புக் கணக்கில் ஏற்கனவே வட்டி சேர்ந்திருந்தால், பாங்கிலேயே விட்டுவிடாமல் எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு ஆலிம்களில் பலருடைய முடிவு. அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பதோ, ஜக்காத்தில் கழிப்பதோ ஆகாது.

ஜக்காத், கணக்கிலுள்ள எந்த நாணயத்துக்கும் உண்டு. ஊரிலுள்ளதும் அங்குள்ளதும் சேர்ந்து நிஸாபை எட்டி, சந்திர ஆண்டு நிறைந்தால், அந்நாள் விலைப்படி மதிப்பிட்டு நாற்பதில் ஒரு பங்கு.

இன்னொன்று. பாங்கில் நாமினியாக எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, முழுவதற்கும் சொந்தக்காரரல்லர். கடன் போக மீதி, ஷரீஅத் பங்குப்படி வாரிசுகளுக்கு உரியது. கணக்கு எங்கே, எவ்வளவு, யாருக்கு என்ன கடன் என்பதை வெளிநாட்டிலிருப்பவர் எழுதி வீட்டில் கொடுத்துவைக்கட்டும். ஸுபைர் (ரலி) ஷஹீதானபோது 22 லட்சம் கடன் இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்தார்கள். வாரிசுகள் பங்கு கேட்டும் உடனே பிரித்துவிடாமல், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும், என் தந்தையிடம் கடன் வரவேண்டியவர் வரலாம் என்று அறிவித்த பிறகே பங்கு வைத்தார்கள்.