பிடி: சொல்லும் அளவும்

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறியும் மீனவனுக்குப் பிடித்தல் என்பது முதற்கண் கையின் தொழில். வலைக்கயிற்றை விரல்கள் சிறுகச் சிறுக இழுக்கும். கரை சேர்ந்ததன் பெயரும் பிடியே. வாவிக்கரை வயல்களில் இச்சொல் அளவுப்பெயராகிறது. ஒரு பிடி நெல், ஒரு பிடி சோறு என்பர். (பெண்யானையைக் குறிக்கும் பிடி ஈண்டு வேண்டுவதன்று.) விரல்கள் மூடுமளவே பிடி, மிகின் சிந்திவிடும். பிறிதொன்றை எடுக்க வேண்டின் இருப்பதை விட்டேயாக வேண்டும். நேர்ப்பொருளில் வழங்கும் பிடிக்கு எல்லை அதனுள்ளேயே அமைந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

உருவகமாகும்போது சொல் இவ்வெல்லையை இழக்கிறது. கடனின் பிடி, அதிகாரத்தின் பிடி எனுமிடத்துச் சோர்வதற்குக் கை இல்லை. உடும்புப்பிடி என்பதுகூட ஓரளவு ஆறுதலான உவமைதான். உடும்பும் உயிருள்ளது, என்றேனும் களைக்கும். களைப்பறியாத பிடிக்கு எல்லையை வெளியிலிருந்தே வகுத்தல் வேண்டும். சட்டத்தின் அறநியாயம் இதுவே எனலாம்.

இலங்கைச் சட்டத் தமிழில் ஒருவரைக் கைதுசெய்ய நீதிமன்றம் விடுக்கும் கட்டளை 'பிடியாணை' எனப்படும். பிடிக்கு முன் ஆணை நிற்றல் வேண்டும் என்னும் கருத்தை இத்தொகைச்சொல் தன்னகத்தே கொண்டுள்ளது. ஆணையின்றிப் பிடிக்கப்பட்டவரை 24 மணித்தியாலத்துள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விதித்தது. அதே ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ பிடியாணையின்றிக் கைதுசெய்யவும், அமைச்சரின் கட்டளைப்படி 18 மாதங்கள்வரை தடுத்துவைக்கவும் இடமளித்தது. மணித்தியாலங்கள் மாதங்களாயின. எனினும், எத்துணை நீண்டதாயினும், அதுவும் ஓர் அளவே.

அவ்வளவுமற்ற பிடியை வந்தாறுமூலை கண்டது. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. கல்விக்கென எழுந்த வளாகம் அடைக்கலமாகி, அடைக்கலமே பிடிக்குமிடமாயிற்று. இங்கு ஒழுக்கவியல் வினா ஒன்று எழுகிறது: பிடித்தவன் விட்டதாகவும் இல்லை, வைத்திருப்பதாகவும் ஒப்பவில்லை எனின், அச்செயலை எச்சொல்லாற் சுட்டுவது?

'பிடிபட்டான்' என்னும் வினை கள்வனுக்கும் மீனுக்கும் பொருந்தும். அதிற் பிடித்தவர் மறைந்து, பட்டவன்மேற் பழியின் நிழல் வீழ்கிறது. காணாமற்போனோர் என்னும் வழக்கும் ஒருவகையில் அத்தகையதே. போனவர் தாமே போனது போலத் தொனிக்கும். இத்தகைய இழப்புற்ற வீடுகளிலோ 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்றே சொல்லப்படுகிறது. பெயர் கூறப்படாவிடினும், செய்தவர் உளர் என்பதை அவ்வினையின் இறுதியில் நிற்கும் 'ஆர்கள்' விகுதி விடாது வைத்திருக்கிறது.