முதுமையில் முதலெழுத்து

எழுத்தறியாத ஒருவருக்கு நாம் கடிதம் படித்துச் சொல்கிறோம். மனுவை எழுதிக் கொடுக்கிறோம். நன்மை செய்தோம் என்று மனநிறைவும் அடைகிறோம். நன்மைதான், ஐயமில்லை. ஆனால் அவரே படித்துக் கொள்ளுமாறு கற்றுக் கொடுப்பது அதனினும் பெரிய கடமையல்லவா?

1970களிலும் 80களிலும் அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற கணவர்கள் எழுதிய கடிதங்களை, அண்டை வீட்டார் படித்துச் சொல்லக் கேட்டவர்கள் நம் பெண்மணிகளில் பலர். கணவன் மனைவிக்கிடையே இருக்க வேண்டிய அந்தரங்கம் மூன்றாமவர் நாவில் ஏறியது. பதில் எழுதச் சொல்லும்போது, நாணத்தால் பாதிச் செய்தி நெஞ்சிலேயே நின்று விடும். இன்று கடிதம் குறைந்து விட்டது. ஆனால் வங்கிப் படிவமும், மருந்துச் சீட்டும், சொத்துப் பத்திரமும் இருக்கின்றன. கைநாட்டு வைப்பவர், தாம் எதற்கு வைக்கிறோம் என்பதைப் பிறர் சொல்லித்தான் நம்ப வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு பணிக்கும் திருக்குர்ஆனின் 2:282ஆம் வசனம், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்றும் கட்டளையிடுகிறது. அவருக்கு எழுத்தைக் கற்பித்தவன் அல்லாஹ் என்பதே அதற்குக் காரணம். ஆகவே எழுத்து நமது சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நபிகளாரின் துணைவியார் ஹப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் அஷ்ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என ஹதீஸில் வருகிறது. வளர்ந்தபின் கற்பது இழிவு என்று எவரேனும் சொன்னால், இதுவே போதிய விடை.

"இந்த வயதில் இனி எதற்கு?" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சோம்பலால் அன்று, வெட்கத்தால். பேரன் வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார அவர்கள் மனம் ஒப்பாது. பொது நூலகத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே நுழைபவரை எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. அரிச்சுவடி வைத்திருப்பவரும் பேராசிரியரும் ஒரே மேசையில் அமரலாம். அரிச்சுவடி முடிந்ததும் அடுத்த புத்தகம் எதிரே அலமாரியில் இருக்கிறது. படிக்க ஏதுமில்லாவிட்டால் கற்ற எழுத்தும் மறந்து போகுமே!

கேரளத்தைப் பாருங்கள். 1945இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அதன் முதியோர் எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோ வழங்கிய குரூப்ஸ்காயா விருது கிடைத்தது. 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற அறிவிப்பு கோழிக்கோட்டில் வெளியானது. அதை அறிவித்தவர், மலப்புரம் மாவட்டத்தில் புதிதாக எழுத்துக் கற்றிருந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண்மணி!

நம் தமிழகத்தில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. கைநாட்டு வைப்பவரும் தம் வீட்டுக்கு அந்த வரியைக் கட்டுகிறார். எனவே அவருக்கு அங்கே கற்பிப்பதை நாம் இடும் தருமமாக எண்ணலாகாது. அவர் பணம் கொடுத்த வீட்டின் கதவை அவருக்குத் திறந்து விடுகிறோம், அவ்வளவே.

நம் மூதாட்டிகள் வெறும் கையுடன் வருபவர்களும் அல்லர். குர்ஆன் ஓதத் தெரிந்தவர் ஏற்கெனவே ஓர் எழுத்தைப் பழகியவர். வலமிருந்து இடம் சென்ற கண், இடமிருந்து வலம் செல்லவும் பழகும்.

படித்த சகோதரர்களே, சகோதரிகளே! வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பெரியவருடன் அமருங்கள். அவர் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். அவர் கற்க வருவதை வெளியில் சொல்லித் திரியாதீர்கள். ஒரு நாள் அவர் தம் பத்திரத்தைத் தாமே படித்துவிட்டு, "இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லக்கூடும். அன்று உங்கள் அமானிதம் உரியவரிடம் சேர்ந்தது என்று அறிந்து கொள்ளுங்கள். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் துணை புரிவானாக!