சொறிக்கு ஒரு துணி

பௌத்தத் துறவு விதிகளின் தொகுப்பான விநயபிடகம் பிக்குகளுக்கு அனுமதித்த துணிகளில் ஒன்றுக்குப் பாலி மொழியில் ‘கண்டுபடிச்சாதி’ என்று பெயர். கண்டு என்றால் அரிப்பு, சொறி. அதை மூடுவது இந்தத் துணி. சொறி, கொப்புளம், நீர் வடியும் புண், தடித்த சிரங்கு ஆகிய நோய்கள் கண்டவர்களுக்கு உரியது. உடம்பின் மேல் பற்று வைக்காதே என்று ஓயாமல் சொல்லும் ஒரு நெறி, அதே உடம்பின் தோலுக்கென்று தனியாகத் துணி ஒதுக்கியது எப்படி?

விதி பிறந்த கதை விநயபிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. புத்தரின் சீடர் ஆனந்தருக்கு உபாத்தியாயரான பேலட்டசீசருக்குத் தடித்த சிரங்கு. வடிந்த நீரில் சீவரம் என்னும் துறவாடை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உடனிருந்த பிக்குகள் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து அதைப் பிரித்தெடுப்பார்கள். தங்குமிடங்களைச் சுற்றி வந்த புத்தர் இதைப் பார்த்து விசாரித்தார். துணிக்கு அனுமதி கொடுத்தார். மருந்துகளைப் பற்றிய அதிகாரத்திலும் இதே பேலட்டசீசர் வருகிறார். அங்கே அவர் நோயை முன்னிட்டுப் பொடிகள் அனுமதிக்கப்படுகின்றன. இடிக்க உரலும் உலக்கையும், சலிக்கச் சல்லடையும் பின்னாலேயே வருகின்றன. அதுவும் போதாமல், இன்னும் நைசாகச் சலிக்கத் துணிச் சல்லடை. புண்ணில் கரடுமுரடான பொடி பட்டால் எப்படி எரியும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

அந்தக் காலத்தில் தோலை வருத்துவதே தவம் என்று நினைத்தவர்கள் பலர். அம்மணமாகத் திரிந்தவர்கள், மரவுரி உடுத்தியவர்கள், ஆந்தைச் சிறகில் ஆடை செய்தவர்கள் உண்டு. மனித மயிரில் நெய்த போர்வையால் பெயர் பெற்றவர் அஜித கேசகம்பலர். இந்த உடைகளைப் பிக்குகளும் அணியலாமா என்று கேட்டபோதெல்லாம் புத்தர் மறுத்தார். மயிர்ப் போர்வையை அவர் குறை சொன்ன விதம் அங்குத்தர நிகாயத்தில் உள்ளது: குளிர் காலத்தில் குளிரும், வெயில் காலத்தில் சுடும், நாறும், தொட்டால் உறுத்தும். நெய்த துணிகளிலேயே கடைசித் தரம் அதுதானாம். பிக்குகளுக்கு அவர் ஒப்புக்கொண்டவை பருத்தி, ஆளிநார், பட்டு, கம்பளி, சணல் உள்ளிட்ட ஆறு வகைத் துணிகள். உடை எதற்கு என்ற கேள்விக்குப் பிக்குகள் நாள்தோறும் நினைவுகூரும் விடையும் இதோடு ஒத்துப்போகிறது: குளிர், வெயில், காற்று, கொசுக்கடி ஆகியவற்றைத் தடுக்க, மானத்தை மறைக்க. அழகு அந்தப் பட்டியலில் இல்லை.

செல்வத்தில் வளர்ந்த சோணரின் கதை இன்னும் கூர்மையானது. சம்பா நகரத்துப் பிள்ளையான அவருக்குப் பாதம் மிக மென்மை. அந்தப் பாதம் பிளந்து ரத்தம் வரும்வரை நடைத் தியானம் செய்தார். வீணை நரம்பை அளவுக்கு மேல் முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை வராது என்று புத்தர் அவருக்கு விளக்கினார். பிறகு ஒற்றை அடுக்குத் தோல் செருப்பு அணிய அவருக்கு அனுமதி அளித்தார். எல்லாருக்கும் கிடைத்தால்தான் அணிவேன் என்றார் சோணர், எல்லாருக்கும் கிடைத்தது. மென்தோல் உள்ள ஒருவரால் சங்கம் முழுவதற்கும் செருப்பு வந்தது.

பற்று வேண்டாம் என்றுவிட்டு உடம்பைப் பேணும் இந்த முரணை நேராக எதிர்கொள்வது மிலிந்த பஞ்ஹம் என்ற நூல். துறவிக்கு உடம்பு பிரியமானதா என்று மிலிந்த அரசன் நாகசேனர் என்ற துறவியைக் கேட்கிறான். இல்லை என்கிறார். பிரியமில்லை என்றால் அதை ஏன் பேணுகிறீர்கள்? போரில் பட்ட காயத்துக்கு மருந்து பூசி, எண்ணெய் தடவி, மென்துணியால் கட்டுகிறாயே, காயம் உனக்குப் பிரியமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். ஆறுவதற்காகக் கட்டுகிறேன் என்கிறான் அரசன். துறவி உடம்பைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான் என்று நாகசேனர் முடிக்கிறார். பேலட்டசீசர் விஷயத்தில் இந்த உவமை உவமையாகவே நிற்கவில்லை. அங்கே உண்மையிலேயே புண் இருந்தது, துணியும் இருந்தது.

காயத்துக்குக் கட்டும் துணிக்கு அளவு உண்டு, காலமும் உண்டு. சொறித் துணிக்கும் அப்படியே. அனுமதியைச் சாக்காக வைத்து ‘ஆறு பேர் கூட்டம்’ எனப்பட்ட பிக்குகள் முன்னும் பின்னும் தரையில் இழுபட நீளத் துணி கட்டித் திரிந்தார்கள். உடனே பாசித்தியம் என்ற வகைக் குற்றங்களில் 90ஆம் விதி வந்தது: புத்தர் சாண் கணக்கில் நீளம் 4, அகலம் 2, மீறினால் வெட்டிக் குறைத்துவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தர் சாண் என்பது சாதாரண ஆளின் மூன்று சாண் என்கின்றன உரைகள். அப்படியானால் துணி ஏறத்தாழ 9 அடி நீளம், நாலரை அடி அகலம் ஆகிவிடும். தொப்புளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே உள்ள சொறியை மூட இவ்வளவு எதற்கு? சாண் ஒன்றுக்கு 25 சென்டிமீட்டர் என்று கொள்வோர் கணக்கே இடுப்புக்குப் பொருந்துகிறது.

கால வரம்பில் இந்தக் குழப்பம் இல்லை. பிக்குகளுக்கு அனுமதித்த இன்னொரு துணியான மழைக்காலத் துணியை மழையின் நான்கு மாதமும் தன்னுடையதாக வைத்துக்கொள்ளலாம். சொறித் துணியை நோய் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். தோல் ஆறியதும், அதை முறைப்படி இன்னொருவர் பெயரில் ஒப்படைத்துவிட வேண்டும்.