ஏர் லாக்

புது வண்டிக்குப் பொட்டு வைத்து, பூ சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிய ஐந்தாவது நாளே அது நின்றுபோனால் எப்படி இருக்கும்? என் சித்தப்பாவுக்கு அது நடந்தது. நடத்தி வைத்தவன் நான்.

சித்தப்பாவுக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி. உத்திரமேரூர் போகிற சாலையில் பாட்டன் சொத்தாக ஒன்றரை ஏக்கர் நிலம். முப்பது வருஷம் தறியில் குனிந்து குனிந்து முதுகு போன பிறகு, ‘இனிமே நிலத்தைப் பார்த்துக்கறேன்’ என்று முடிவெடுத்தார். உழவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சித்தியின் வளையல்களை அடகு வைத்து ஒரு பவர் டில்லர் வாங்கினார். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பின்னால் சின்னதாக ஒரு சீட்டு. அதில் உட்கார்ந்தபடியே ஓட்டலாம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்த எனக்கு அந்த சீட்டைப் பார்த்ததும் சபலம். “நான் ஓட்டறேன் சித்தப்பா” என்று ஏறினேன். மதியம் ஏறியவன் பொழுது சாயும்வரை இறங்கவில்லை. டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. எஞ்சின் இரண்டு முறை இருமி, நடு வயலில் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால், டேங்க் காலி.

யாரும் பார்ப்பதற்குள் ஷெட்டுக்கு ஓடி, கேனில் இருந்த டீசலைக் கொண்டுவந்து ஊற்றினேன். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கை வலித்ததுதான் மிச்சம். ‘காலையில் தானாகச் சரியாகிவிடும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் சரியாகவில்லை.

சித்தப்பா, வண்டி விற்ற கடைக்கு போன் போட்டார். டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம் என்றான். டூல்ஸ் பையைக் கீழே வைக்கும் முன்பே சரியான கேள்வியைக் கேட்டான்.

“சார், டீசல் தீர்ந்து நின்னுச்சா?”

“சேச்சே... டேங்க் ஃபுல்லா இருக்கு, பாருங்க” என்றேன்.

கவனியுங்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டேங்க் ஃபுல்லாகத்தான் இருந்தது. அதை நிரப்பியவன் யார், எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் என்னை நம்பினான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். டேப்பட் கேப் பார்த்தான். பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். பம்ப்பில்தான் கோளாறு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. வாரன்ட்டி வண்டி, பம்ப்பில் கை வைக்க அவனுக்கு அனுமதி கிடையாது. கடைக்கு போன் செய்தான். ‘புது வண்டியில பம்ப் போச்சுன்னு சொல்றியா? உனக்கு என்ன தெரியும்?’ என்று மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. இந்தப் பக்கம் சித்தப்பா, “வளையலை அடகு வச்சு வாங்கினதுப்பா! அஞ்சு நாள்ல இப்படி நின்னா என்ன அர்த்தம்?” என்று அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

டீசல் எஞ்சினில் ஒரு சங்கதி உண்டு. பெட்ரோல் எஞ்சின் மாதிரி அதற்குத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பனி போலப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். பீய்ச்ச வேண்டுமென்றால் நாசில் திறக்க வேண்டும். நாசில் திறக்க பம்ப் பலமாக அழுத்த வேண்டும். டீசல் திரவம் என்பதால் அழுத்தினாலும் சுருங்காது. வாங்கிய அழுத்தத்தை அப்படியே நாசிலுக்குக் கொண்டு சேர்க்கும். டேங்க் காலியாகும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். பம்ப் முக்கி முக்கி அழுத்துகிற பலமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். நாசில் திறக்கவே திறக்காது. இதைத்தான் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். எந்தப் பாகமும் கெட்டிருக்காது. நடுவில் கொஞ்சம் வெறும் காற்று, அவ்வளவுதான்.

நான் சொன்ன பதிலும் அப்படிப்பட்ட குமிழிதான். அந்தப் பையனின் உழைப்பெல்லாம் அதில் முட்டி முட்டி வீணாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரிய மெக்கானிக் வந்தார். பையனும் பின்னாலேயே வந்தான். பெரியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஃபில்டர் மேலிருந்த சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினார். நுரை நுரையாக டீசல் வந்தது. குமிழி நிற்கும்வரை காத்திருந்து இறுக்கினார். பம்ப் அருகே ஒருமுறை, நாசில் பைப்பைத் தளர்த்தி ஹேண்டிலைச் சுற்றி ஒருமுறை. மொத்தம் பத்து நிமிஷம். வண்டி டமடமவென்று கிளம்பியது.

“டீசல் தீர்ந்து நின்ன வண்டி இது. இதைக்கூடப் பார்க்க மாட்டியாடா?” என்று பையனைக் கேட்டார்.

“கேட்டேன்ண்ணே” என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

“கேட்டியாம் கேட்டே! நாளையிலேர்ந்து வெளி வேலைக்கு வராதே. கடையிலேயே கிட.”

அவன் ஒருமுறை என்னைப் பார்த்தான். நான் ‘இல்லைங்க, தப்பு என் மேலதான்’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான்கே வார்த்தைகள். சொல்லவில்லை. சித்தப்பா இருக்கிறார், பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் நிற்கிறார்கள், நானோ சென்னையிலிருந்து வந்த படித்த மனுஷன்...

புதுசாக வாங்கியது மக்கர் செய்தால் நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? ‘புதுசு என்றால் குறையே இல்லாதது’ என்று நாமாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்திரம் தெரிந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ‘குளியல் தொட்டி வளைவு’ என்று ஒரு வரைபடம் உண்டு. கோளாறுகள் ஆரம்பத்தில் அதிகமாக இருக்கும்; பிறகு இறங்கி நெடுங்காலம் சமதளமாகப் போகும்; வயதான பிறகு மறுபடி ஏறும். தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் லைனரும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். அந்த உரசலில் இரும்புத் தூள் ஆயிலில் இறங்கும். அதனால்தான் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்கிறார்கள். புது பெல்ட் கொஞ்சம் நீளும், அதிர்ச்சியில் நட்டுகள் தளரும். எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை இறுக்க வேண்டும்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே இதற்குத் தப்பவில்லை. 1893-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் சோதனையில் எஞ்சினோடு பொருத்திய அளவுமானி வெடித்துச் சிதறியது. ஒழுங்காக ஓடும் எஞ்சினைக் காட்ட 1897 ஆனது. விற்க ஆரம்பித்த பிறகும் ஆரம்பக் கோளாறுகள் ஓயவில்லை. 1898-ல் மனுஷன் நரம்புத் தளர்ச்சியில் படுத்தேவிட்டார். இன்று உலகத்தின் லாரியும் கப்பலும் அவர் பெயரைச் சொல்லி ஓடுகின்றன.

அதற்காக, விற்கிறவர்கள் எதைத் தலையில் கட்டினாலும் ‘புதுசுதானே’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. தயாரிப்பிலேயே குறை இருந்தால் கேட்க வேண்டும். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் வந்து, 2020 ஜூலையில் அமலானது. குறையுள்ள பொருளால் தீங்கு வந்தால், செய்தவனும் விற்றவனும் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. வளையலை அடகு வைத்தவருக்கு அந்த உரிமை அவசியம். ஆனால், எது பொருளின் குறை, எது பழகும் காலத்துச் சிக்கல், எது நம் கைத்தவறு என்று பிரித்துப் பார்க்க ஒரு நிபந்தனை இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பழுது பார்க்கும் பெட்டியில் முதலில் இருக்க வேண்டிய சாமான் அது. அது இல்லாவிட்டால் எந்த ஸ்பானரும் எந்த நட்டுக்கும் சேராது.

டாக்டரிடம் போய் ‘மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறேன்’ என்று சொல்பவர்களும், ‘கம்ப்யூட்டர்ல நான் எதையுமே தொடலை’ என்று சொல்பவர்களும் என் கட்சிதான். நாம் மறைப்பது சின்ன விஷயம். அதைச் சுமப்பவர் வேறு யாரோ. பெரும்பாலும் அந்த இடத்திலேயே வயதில் சின்னவர், புதுசாகச் சேர்ந்தவர், எதிர்த்துப் பேச முடியாதவர். புது எஞ்சினுக்கு ஐம்பது மணி நேரம் பழகும் காலம் கொடுக்கிற நாம், மூன்று மாசப் பையனுக்கு ஐந்து நிமிஷம் கொடுப்பதில்லை.

சித்தப்பாவின் தறியில் இப்படி ஏமாற்ற முடியாது. பாவில் ஓர் இழை அறுந்தால் நிறுத்தி, முடி போட்டுவிட்டுத்தான் மேலே நெய்ய வேண்டும். ‘ஒரு இழைதானே’ என்று விட்டால், அது துணியில் நீளக் கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். அதிலும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நெசவாளி பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்த ஓரத்துக் கரை நாடாவைப் போட வேண்டும். யார் பக்கம் தப்பு என்று துணியே காட்டிக்கொடுத்துவிடும். பட்டு வாயைத் திறக்காமலே சாட்சி சொல்லும்.

சித்தப்பா நிலத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலை முறைத் தேர்தல் பற்றிய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நான் பள்ளியில் படித்தபோது கவனிக்காத ஒரு விஷயம் அதில் உண்டு. கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. கி.பி. 919-ல் ஒன்று. இரண்டே வருஷத்தில், 921-ல் இன்னொன்று. முதலாவதில், வாரியத்துக்கு நிற்பவருக்கு வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். புது ஏற்பாடு, ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், எங்கோ இடித்திருக்கிறது, திருத்தியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. ‘முதலில் இப்படி வைத்தோம், பிறகு இப்படி மாற்றினோம்’ என்பது ஆயிரத்து நூறு வருஷமாகச் சுவரில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கணக்குக் காட்டாதவர்கள் நிற்கக் கூடாது என்பதும் அங்கே எழுதியிருக்கிறது. நான் நின்றிருந்தால் என் ஓலை குடத்துக்குள்ளேயே போயிருக்காது.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், மனசு கேட்காமல் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு டீசல் தீர்ந்து நிறுத்தினது நான்தான் சித்தப்பா.”

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “தெரியும்டா. கேன்ல டீசல் குறைஞ்சிருந்துச்சே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்புறம் ஏன் அந்தப் பையனைத் திட்டினீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீ நம்ம வூட்டுப் புள்ள. நாலு பேர் நின்னாங்க. அவன் யாரோதானே... தப்புதான்” என்றார்.

என் கௌரவத்தைக் காப்பாற்றிய அன்பு அது. அதற்கான விலையை ‘யாரோ’ ஒருவன் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் இரண்டு பேருமாக அந்தக் கடைக்குப் போனோம். “அந்தப் பையனா? அவன் நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே சார்” என்றார்கள். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து டீ குடித்தோம். சித்தப்பா பேசவே இல்லை.

வண்டி இன்னும் நன்றாக ஓடுகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்க அவர் விடுவதில்லை. இப்போது யாராவது என்னிடம், “என்ன ஆச்சு சார்?” என்று கேட்டால், முதலில் நான் என்ன செய்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்க்கிறார்கள்.