வளர்ச்சியும் வாக்குறுதியும்: ஓர் அறவியல் நோக்கு

பொருளாதார வளர்ச்சியையும் சூழற் பாதுகாப்பையும் சமன்செய்தல் வேண்டும் என்பது இன்று பல அரசுகளும் எடுத்துரைக்கும் கூற்று. ஆயின் கொடுத்த வாக்கையும் பெறவிருக்கும் ஆதாயத்தையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தல் தகுமா என்பது அரிதாகவே வினவப்படுகின்றது. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை பற்றிய வழக்கு இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

2015 ஆம் ஆண்டின் பரிஸ் உடன்படிக்கையைப் பிரித்தானியா 2016 இல் உறுதிப்படுத்தியது. 2018 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் புதிய ஓடுபாதைக்கான கொள்கையை ஏற்றது. ஆதரவாக 415 வாக்குகளும் எதிராக 119 வாக்குகளும் அளிக்கப்பட்டன. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பரிஸ் உடன்படிக்கை உரியவாறு கருத்திற் கொள்ளப்படாமையால் அக்கொள்கை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. அதே ஆண்டு டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. சர்வதேச உடன்படிக்கையை ஏற்றமை மட்டும் அதனைச் சட்டம் கருதும் 'அரச கொள்கை' ஆக்கிவிடாது என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. சட்ட வழக்கு அத்துடன் முடிந்தது. அற வினா முடியவில்லை.

விரிவாக்கத்தை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தொழில் வாய்ப்பும் வணிகமும் மக்களின் வாழ்வோடு இணைந்தவை. இலண்டன் மறுக்கும் விமானங்கள் அம்ஸ்ரடாமுக்கோ பிராங்போட்டுக்கோ செல்லும். வளிமண்டலத்துக்கு அதனாற் பயனில்லை என்பர். ஆனால் 'நான் செய்யாவிடின் மற்றவன் செய்வான்' என்னும் நியாயத்தை ஒவ்வொரு நாடும் கைக்கொண்டால் எந்தக் கூட்டு உறுதிமொழியும் நிலைக்காது. அந்நியாயத்தைக் கடப்பதற்கே நாடுகள் ஒன்றுகூடி உறுதிபூண்டன.

ஆதாயம் கூட்டிக் கழித்துப் பார்க்கத்தக்கது. வாக்குறுதியோ அக்கணக்குக்கே எல்லை வகுப்பது. ஆதாயம் பெருகுந்தோறும் தளர்ந்துவிடும் வாக்கு, வாக்கு எனப்படாது. வாக்கின் எல்லையைச் சுருக்கி, அதனைக் காத்ததாகக் காட்டலும் எளிது: சர்வதேச விமானப் பயணத்தின் உமிழ்வு பிரித்தானியக் காபன் வரவுசெலவுக் கணக்கில் முறைப்படி சேர்வது 2033 இல் தொடங்கும் காலப்பகுதியிலிருந்தே. அன்றியும், ஓடுபாதையின் பயனைப் பெறுவோர் இன்று பேசக்கூடியவர்கள். விளைவைச் சுமப்போருட் பலர் இன்னும் பிறவாதவர்கள்.

இதனால் விமான நிலையங்கள் வளரவே கூடாது என்பது பெறப்படாது. 2050 ஆம் ஆண்டளவில் தேறிய உமிழ்வைப் பூச்சியமாக்கல் 2019 முதல் பிரித்தானியச் சட்டத்தின் கட்டளை. எனவே வானிற் கூடும் காபனீரொட்சைட்டுக்கு ஈடாக வேறெங்கேனும் உமிழ்வு குறைதல் வேண்டும். அன்றேல் அது வளியிலிருந்து அகற்றப்படல் வேண்டும். குறைப்பவர் யார்? செலவை ஏற்பவர் யார்? 2025 ஜனவரியில் மூன்றாவது ஓடுபாதைக்கு மீண்டும் ஆதரவு தெரிவித்த அரசு, இவ்வினாக்களுக்கு முதலில் விடைகூறக் கடமைப்பட்டது. விடைகூறாது கட்டப்படும் ஓடுபாதை, அடுத்த தலைமுறையின் பெயரில் அதன் ஒப்புதலின்றிப் பெறப்படும் கடனாகவே அமையும்.