திரைக்கு அப்பால் இருப்பவர்

மனத்துயரை ஆற்ற ஒருவர் இன்னொருவர் முன்னால் நேரில் இருந்தாக வேண்டுமா என்பது பழைய கேள்வி. தொலைபேசியும் காணொளியும் பதில் பேசும் செயலியும் மனநல மருத்துவத்துக்குள் வந்த பிறகு அது அன்றாடக் கேள்வியாகிவிட்டது. புதுச்சேரியின் வட எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் மீனவ ஊரான கனகசெட்டிக்குளத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பக்கத்துக் கணபதிசெட்டிக்குளத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இங்கே ஒருவர் மனநல மருத்துவரிடம் போகாமலிருந்தால் அதற்குத் தூரம் காரணமாக இருக்க முடியாது. மனநலப் பிரிவின் வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காலைக் கட்டிப்போடுகிறது. கைபேசி அந்தக் கூச்சத்தைத் தாண்ட வழி தருகிறது. ஆனால் வீட்டுக்கு ஒரே கைபேசி, பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும் சுவர் என்றிருக்கும் குடும்பத்தில் அதே கைபேசி ரகசியத்தை உடைக்கவும் செய்யும்.

மனநல உதவி எட்டாமல் போவது சிறிய விஷயம் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டனர். புதுச்சேரியில் அந்த விகிதம் 29.7.

தொலைவிலிருந்து மனநல மருத்துவம் பார்ப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து சென்னையிலிருக்கும் மருத்துவரிடம் திரைவழியே பேசுவார். எழுதித்தந்த மருந்தை அதே பேருந்தில் வாங்கிக்கொள்வார். கருவிகளைவிட இதில் முக்கியமானவர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளை அழைத்துவந்த களப்பணியாளர்கள். திரையின் இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள்.

நேரில் இருப்பதன் அவசியத்தைச் சமயங்கள் வெவ்வேறு விதமாக எடைபோட்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை இதில் கண்டிப்பானது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கானின் சமூகத் தொடர்பு மன்றம் 2002இல் எழுதியது. பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு பெறுபவர் குருவானவரை நேரில் நாடியே ஆக வேண்டும். பிரெஞ்சுக் காலத் தேவாலயங்கள் நிறைந்த புதுச்சேரியில் பாவசங்கீர்த்தனத் தொட்டி பலருக்கும் தெரிந்த இடம். அங்கே முகம் மறைக்கப்படலாம், ஆனால் மறைப்புக்குப் பின்னால் ஆள் இருப்பார். கேட்டதை அவர் வெளியே சொல்லமாட்டார் என்ற உறுதியும் இருக்கும்.

சைவ சித்தாந்தம் இதே கேள்விக்கு இன்னும் நெகிழ்வான விடை தருகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், குரு சீடருக்கு அருளும் தீக்கையைப் பலவகையாகப் பிரிக்கிறது: பார்வையால், தொடுதலால், சொல்லால், நினைவால். மீன் பார்த்தே முட்டையைப் பொரிக்கும், பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை எங்கோ இருந்து நினைத்தே பொரிக்கும் என்று மரபு இதற்கு உவமை சொல்லும். உயிரியலில் அது சரியா என்பது வேறு பேச்சு. சொல்லவந்த கருத்து ஆழமானது. அருள் கடந்துவரத் தூரம் தடையில்லை. அதே மரபு இன்னொன்றையும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறது: நம்மைப்போன்ற உயிர்களுக்கு இறைவன் மானுடக் குரு வடிவிலேயே வருவான், மானைக் காட்டி மானைப் பிடிப்பதுபோல. ஆக, ஆசிரியர் தொலைவில் இருக்கலாம். இல்லாமல் இருக்க முடியாது.

உரையாடும் செயலியைப் பற்றிய விவாதத்துக்கும் சித்தாந்தம் கைகொடுக்கும். கணினிக்கு மனம் உண்டா என்றே உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்குமே சடம், அவை கருவிகள், அவற்றைக்கொண்டு அறிவது உயிர் என்பது மெய்கண்டார் வழி. அவருடைய சிவஞானபோதம் உயிரை அரசனாகவும் கரணங்களை அமைச்சர்களாகவும் காட்டுகிறது. இப்படிப் பார்த்தால், செயலி மனத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுவதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கருவி செய்வதை இன்னொரு கருவி செய்கிறது. கேட்க வேண்டியது அந்த அமைச்சருக்குப் பின்னால் அரசன் இருக்கிறானா என்பதையே. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்றும் அதே தத்துவம் எச்சரிக்கிறது. தூக்கமில்லாத இரவுகளில் ஒருவர் எதைச் சார்ந்து பேசுகிறார் என்பது அதனால்தான் பொருட்படுத்த வேண்டியது.

இப்படி நிரலைச் சார்ந்து பேசுவது புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற நிரல், சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக்கேட்டது. அவ்வளவுதான் அதன் திறமை. ஆயினும் அதனோடு பேசத் தொடங்கிய அவருடைய செயலாளர், தனிமை வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார். அந்த நிகழ்ச்சி வைசன்பாமைக் கலங்கவைத்தது. கேட்பதற்கு யாருமே இல்லாத இடத்திலும் மனிதர் நெஞ்சைத் திறந்துவிடுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது மருத்துவத்தின் பொறுப்பு.

இந்திய நெறிமுறை இந்தப் பொறுப்பை ஏற்கெனவே வரையறுத்துள்ளது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறை, செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்கிறது. அவை மருத்துவருக்குத் துணைநிற்கலாம், முடிவு பதிவுபெற்ற மருத்துவருடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 24ஆம் பிரிவு, மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் ரகசியம் காக்கப்படும் உரிமை பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

சட்டம் இருந்தால் போதாது, கருவியைத் தெரிந்திருக்க வேண்டும். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடுபோய், 2020இல் ஏறக்குறைய 33,000 பேரின் அந்தரங்கக் குறிப்புகளை வைத்துப் பணம் கேட்டு மிரட்டினார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் சொன்னது தெருவுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. எனவே மனநலப் பணியாளரின் டிஜிட்டல் அறிவு என்பது செயலியைத் திறக்கத் தெரிவதோடு முடிவதில்லை. குறிப்பு எந்தக் கணினியில் சேமிக்கப்படுகிறது, யார் அதைப் படிக்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நோயாளியின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. அழைப்பு தொடங்கியதும் நோயாளி இப்போது எங்கே இருக்கிறார், கூட யார் இருக்கிறார், கைபேசி யாருடையது என்று கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஆளை எங்கே அனுப்புவது என்ற விவரம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மனைவியின் கைபேசியில் வரும் நினைவூட்டல் செய்தியைக் கணவர் படிப்பார் என்று யோசிக்காத ஆலோசகர், எத்தனை செயலி பழகியிருந்தாலும் கற்றவர் ஆகமாட்டார்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். எடுப்பவர் பயிற்சிபெற்ற ஆலோசகர். தேவையென்றால் மருத்துவரிடம் இணைப்பார். மனம் தாங்காத நேரத்தில் நீங்களோ உங்களைச் சேர்ந்தவரோ அந்த எண்ணை அழையுங்கள்.